தனி ஒலி அட்டையும் கணினி விளையாட்டின் வேகமும்

கணினி விற்கும் கடைகளில் அடிக்கடி கேட்கக்கூடிய உரையாடல் ஒன்றுண்டு. இளைஞன் ஒருவன் தந்தையுடன் வந்து நிற்கிறான். வீட்டிலுள்ள கணினியில் விளையாட்டுத் தடங்கித் தடங்கி ஓடுகிறது என்பது அவன் முறைப்பாடு. ஓடுகின்ற வீரன் ஓடாமல் துள்ளுகிறான். திரும்புகின்ற வண்டி திரும்பு முன்னரே சுவரில் மோதுகிறது. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தனியாக ஒரு சவுண்ட் கார்ட் போட்டுப் பாருங்கள். ஒலியின் வேலையை அது பார்த்துக்கொள்ளும், புரொசெசருக்குச் சுமை குறையும், விளையாட்டு வேகமாகும்" என்கிறார். தந்தை மகனைப் பார்க்கிறார். மகன் அட்டைப் பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்க்கிறான். பணம் கைமாறுகிறது. அன்றிரவு அட்டையைப் பொருத்தி விளையாட்டைத் தொடங்கினால், வீரன் முன்போலவே துள்ளுகிறான்.

கடைக்காரர் பொய் சொன்னாரா? அவ்வாறு சொல்லிவிடவும் முடியாது. அவர் கூறியது ஒரு காலத்தில் மெய்யாக இருந்தது. அக்காலம் ஏறக்குறைய 2007ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. பொருள் மாறிய பின்னரும் பொருளைப் பற்றிய பேச்சு மாறாமல் நிற்பது வியாபாரத்தில் புதிதன்று. எனவே, தனி ஒலி அட்டை விளையாட்டின் வேகத்தைக் கூட்டுமா என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அது எப்பொழுது கூட்டியது, ஏன் கூட்டியது, பின்னர் ஏன் கூட்டாமற் போயிற்று என்று வரிசையாகப் பார்ப்பதே தகும்.

முதலில், கணினிக்குள் ஒலி என்பது யாது? அஃது எண்களின் வரிசை. இசைத்தட்டுத் தரத்திலுள்ள ஒலியில், ஒவ்வொரு செவிக்கும் செக்கனுக்கு 44,100 எண்கள் வீதம் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வெண்களை மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது ஒரு வேலை. துப்பாக்கியின் ஓசை, கதவின் கிறீச்சொலி, மழை, எதிரியின் காலடி என்று பல ஒலிகள் ஒரே சமயத்தில் எழும்பொழுது, அவை ஒவ்வொன்றின் எண்களையும் தக்க அளவிற் பெருக்கி, ஒன்றோடொன்று கூட்டி, ஒரே வரிசையாக்குவது மற்றொரு வேலை. இதனை ஒலிக் கலப்பு எனலாம். முதலாவது வேலைக்கு எப்பொழுதும் ஒரு தனிச் சில்லு தேவை. இரண்டாவது வெறுங் கணக்கு. அக்கணக்கை யார் செய்வது என்பதிலேதான் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது சொந்தக் கணினியை வெளியிட்டபோது, அதற்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கி மாத்திரமே இருந்தது. அலுவலகத்திற் கணக்குப் பார்க்கப் பிறந்த இயந்திரத்திற்கு, பிழை நேர்ந்தால் "பீப்" என்று கத்தத் தெரிந்தால் போதும் என அதனை வகுத்தோர் கருதினர் போலும். அவ்வொலிபெருக்கி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே எழுப்ப வல்லது. மனிதக் குரலையோ வெடியோசையையோ அதிலிருந்து பெற வேண்டுமாயின், புரொசெசர் மற்ற வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒலிபெருக்கியை மிக விரைவாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அக்காலத்து விளையாட்டுக்கள் சிலவற்றில், பாத்திரம் பேசத் தொடங்கியதும் திரையிலுள்ள காட்சி அப்படியே உறைந்து நின்றது. பேச்சு முடிந்த பின்னரே ஆட்டம் மீண்டும் அசைந்தது. ஒலி விளையாட்டை மந்தமாக்குகிறது என்ற எண்ணத்தின் வேர் இங்கேயே இருக்கிறது.

இந்நிலையை மாற்றிய முதல் அட்டை கனடாவிலிருந்து வந்தது. கியூபெக் நகரில் இசைப் பேராசிரியராயிருந்த மார்ட்டின் பிரேவல் என்பவர் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம், 1987இல் ஓர் இசை அட்டையை வெளியிட்டது. அதிலிருந்த சில்லு யப்பானின் யமாஹா நிறுவனத்தினுடையது. அச்சில்லு ஒலியை உண்டாக்கிய முறையோ அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்னும் இசையாளர் 1967இற் கண்டறிந்தது. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் மாற்றினால் புதிய நாதங்கள் பிறக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. வானொலி நேயர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியன்று. பண்பலை ஒலிபரப்பு நிற்பதும் இதே தத்துவத்தின் மீதுதான். ஒலிபரப்பில் அது குரலைச் சுமந்து செல்கிறது. இங்கே அது குழலாகவும் மணியாகவும் காதிலேயே கேட்கிறது.

ஆட்லிப் அட்டை 9 குரல்களில் இசைத்தது. 1988இல் அமெரிக்காவின் சியரா ஒன்லைன் நிறுவனம் வெளியிட்ட "கிங்ஸ் குவெஸ்ட் 4" என்னும் விளையாட்டு அதற்கு ஆதரவளித்தது. அது வரை "பீப்" ஒலியோடு ஆடியவர்கள், அரசகுமாரியின் கதைக்கு வாத்தியங்கள் ஒலிப்பதைக் கேட்டார்கள். புரொசெசர் செய்ய வேண்டியதெல்லாம், இன்ன சுரத்தைத் தொடங்கு, இன்ன சுரத்தை நிறுத்து என்று கட்டளையிடுவதே. எஞ்சியதை அட்டை பார்த்துக்கொண்டது. தனி ஒலி அட்டை வேகத்திற்கு உதவியது என்ற கூற்று இங்கே மெய்யாகிறது.

இதே காலத்தில் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் தமது கிரியேட்டிவ் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1981இல் ஒரு சிறிய கணினித் திருத்தகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. அவர் முதலில் வெளியிட்ட இசை அட்டை ஆட்லிப்பின் முன் நிற்கவில்லை. அவர் மனந்தளராமல், 1989இல் "சவுண்ட் பிளாஸ்டர்" என்ற அட்டையைக் கொண்டுவந்தார். அதில் மூன்று காரியங்களை அவர் ஒன்றாக்கினார். ஆட்லிப்பில் இருந்த அதே யமாஹா சில்லு இருந்தது. ஆகவே ஆட்லிப்புக்கென எழுதப்பட்ட விளையாட்டுக்கள் இதிலும் இசைத்தன. பதிவு செய்த குரலையும் வெடியோசையையும் ஒலிக்கும் வழி இருந்தது. விளையாடுங் கைப்பிடியைச் செருகும் துளையும் இருந்தது. அக்காலத்தில் அத்துளைக்கே தனியாக ஓர் அட்டை வாங்க வேண்டியிருந்தமையால், விலையை எண்ணிப் பார்த்த குடும்பங்களுக்கு இந்த மூன்றாவது காரியமே பெரிதாகத் தோன்றியிருக்கக் கூடும்.

சவுண்ட் பிளாஸ்டரின் நுட்பம் குரலை ஒலிக்கும் முறையிலே இருந்தது. புரொசெசர், ஒலிக்க வேண்டிய எண்களை நினைவகத்தின் ஓரிடத்திற் குவித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கச் செல்லலாம். அட்டை அக்குவியலிலிருந்து எண்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து ஒலித்துக்கொள்ளும். தீர்ந்ததும் புரொசெசரைத் தட்டி அழைக்கும். பேசும்பொழுது காட்சி உறைந்து நிற்கும் குறை இதனால் நீங்கிற்று. 1992இல் இந்த நிறுவனம் அமெரிக்காவின் நஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அச்சந்தைக்குச் சென்ற முதற் சிங்கப்பூர் நிறுவனம் அதுவே. அதே ஆண்டில் ஆட்லிப் நிறுவனம் முறிந்தது.

அக்காலத்து அட்டைகளைப் பொருத்தியவர்கள் பட்ட பாட்டையும் இடையிற் சொல்லத்தான் வேண்டும். இன்ன முகவரி, இன்ன அழைப்பெண், இன்ன வழி என்று மூன்று எண்களை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும். 220, 5, 1 என்ற எண்கள் அந்தத் தலைமுறை விளையாட்டுக்காரர் பலருக்கு இன்றும் மனப்பாடம். ஓர் எண் பிசகினால் ஒலி வராது. சில வேளை கணினியே நின்றுவிடும்.

சவுண்ட் பிளாஸ்டரில் ஒரு குறை இருந்தது. பதிவு செய்த ஒலிக்கு அதில் ஒரே ஒரு வழிதான் உண்டு. 1993இல் வெளிவந்த "டூம்" போன்ற விளையாட்டில், துப்பாக்கி வெடிப்பும் பூதத்தின் உறுமலும் கதவின் ஓசையும் ஒரே கணத்தில் எழும். அவற்றைக் கூட்டி ஒன்றாக்கும் கணக்கைப் புரொசெசரே செய்ய வேண்டும். கனடாவின் மற்றொரு நிறுவனமாகிய கிராவிஸ் 1992இல் வெளியிட்ட "அல்ட்ராசவுண்ட்" அட்டை இக்குறையைத் தீர்த்தது. அது 32 ஒலிகள் வரை தன் சொந்த நினைவகத்தில் வைத்துத் தானே கலந்தது. அன்றைய 386 வகைப் புரொசெசர் செக்கனுக்குச் சில கோடித் துடிப்புகளுடன் மாத்திரம் இயங்கியது. அந்நிலையில் கலப்புக் கணக்கு அதன் நேரத்தில் உணரத்தக்க பங்கை விழுங்கியது. அக்கணக்கை அட்டைக்கு மாற்றியபோது மீந்த நேரம் படத்தை வரையக் கிடைத்தது. கடைக்காரரின் கூற்று மிக மெய்யாக இருந்த காலம் இதுவே.

தொண்ணூறுகளின் முடிவில் வேறொரு வேலையும் ஒலி அட்டையின் தலையில் ஏறியது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டும் வேலை அது. மனிதன் திசையை எவ்வாறு அறிகிறான்? இடப்பக்கத்தில் எழும் ஓசை இடச் செவியை முந்தியும் வலச் செவியைப் பிந்தியும் அடைகிறது. இந்த இடைவெளி மிகக் கூடினும் ஒரு மில்லிசெக்கனைத் தொடுவதில்லை, 0.7 மில்லிசெக்கனுக்குள் அடங்கிவிடும். தலை மறைப்பதால் தூரத்துச் செவிக்கு ஓசை சற்று மெலிந்தும் போகிறது. இவ்விரண்டையும் ஆங்கில விஞ்ஞானியாகிய ரெய்லி பிரபு 1907இலேயே எடுத்து விளக்கினார். முன்னா பின்னா, மேலா கீழா என்பதைச் செவிமடலின் மடிப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. ஓசை அம்மடிப்புகளில் தெறித்து உள்ளே செல்லும்போது அதன் நிறம் திசைக்கேற்ப மாறுகிறது. இம்மாற்றங்களைக் கணக்கால் உண்டாக்கி ஹெட்போனில் ஊட்டினால், இரண்டே ஒலிபெருக்கிகளிலிருந்து நாற்றிசை ஓசையையும் செவி உணர்கிறது.

அமெரிக்காவின் ஓரியல் என்னும் நிறுவனம் இக்கணக்கைச் செய்யும் சில்லுகளை விற்றது. நாசா ஆய்வுக்கூடத்திற்காக முன்னர் செய்யப்பட்ட ஒலி ஆய்வே அதற்கு அடிப்படை. கிரியேட்டிவ் நிறுவனம் 1998இல் "சவுண்ட் பிளாஸ்டர் லைவ்" என்ற அட்டையை வெளியிட்டு, குகையிற் பேசினால் குகை போலவும் மண்டபத்திற் பேசினால் மண்டபம் போலவும் எதிரொலிக்கச் செய்தது. அதே ஆண்டில் வெளிவந்த "தீஃப்" என்னும் விளையாட்டு இவ்விரு முறைகளையும் பயன்படுத்தியது. அதில் ஆடுபவன் இருளில் ஒளிந்து நடக்கும் ஒரு திருடன். காவலனின் காலடி எத்தாழ்வாரத்திற் கேட்கிறது என்று செவியாலேயே அறிய வேண்டும். கம்பளத்தில் நடந்தால் தன் காலோசை அடங்கும். உலோகத் தகட்டில் நடந்தால் காவலன் திரும்புவான். விழியை நம்பி ஆடுகிற விளையாட்டுக்களிடையே செவியை நம்பி ஆட வைத்த அவ்விளையாட்டு இன்றும் பேசப்படுவது நியாயமே.

இங்கே ஒரு முரண்பாடு நிகழ்ந்ததையும் கவனிக்க வேண்டும். அட்டை புரொசெசரின் சுமையைக் குறைத்தது உண்மை. ஆனால் புதிய அட்டை வாங்கியவர்கள் புதிய வித்தைகளையும் இயக்கினார்கள். அறையின் சுவர்களில் ஓசை எவ்வாறு தெறிக்கும் என்று ஓரியல் முறையிற் கணக்கிடத் தொடங்கியதும், சுவர்களின் அமைப்பை ஆராயும் வேலை புரொசெசரிடமே திரும்பிச் சென்றது. செக்கனுக்கு வரும் படங்கள் குறைந்தன. வேகத்திற்காக வாங்கிய அட்டை அழகைக் கொடுத்து வேகத்தை எடுத்துக்கொண்டது.

ஓரியல் நிறுவனத்தின் முடிவு வருத்தத்திற்குரியது. காப்புரிமை பற்றிக் கிரியேட்டிவ் தொடுத்த வழக்கில் அது 1999இல் வென்றது. வென்ற வழக்கின் செலவைத் தாங்க மாட்டாமல் 2000இல் முறிந்தது. அதன் சொத்துக்களைத் தோற்ற தரப்பே விலைக்கு வாங்கியது. போட்டி நீங்கியதும் புதுமையின் வேகமும் தளர்ந்தது என்று கருதுவோர் பலர். அக்கருத்தைத் தள்ளுவது கடினம்.

2005இல் கிரியேட்டிவ் நிறுவனம் "எக்ஸ்-ஃபை" என்ற அட்டையை வெளியிட்டது. அதன் சில்லில் 5 கோடிக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஒலிக்கணக்கு முழுவதையும் தான் ஏற்று, புரொசெசரை விடுவிப்பதாக அது சொல்லிக்கொண்டது. ஆனால் அதே ஆண்டில்தான் ஒரு சில்லில் இரண்டு புரொசெசர்கள் கொண்ட கணினிகள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. விடுவிக்கப்பட வேண்டியவனுக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான். அப்புறம், 2007 சனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் "விஸ்டா" என்ற இயங்குதளத்தை விற்பனைக்கு விட்டது. ஒலி அட்டைகளுக்கான இயக்கி மென்பொருள்களின் கோளாறு கணினியின் மையத்தையே நிலைகுலையச் செய்வதுண்டு. அதனைத் தடுப்பதற்காக, ஒலிக்கலப்பு வேலையை மையத்திலிருந்து வெளியே எடுத்துச் சாதாரண மென்பொருளாக மைக்ரோசொப்ட் அமைத்தது. விளையாட்டுக்கள் அட்டையின் கணக்குச் சில்லை நேரடியாக அழைத்து வந்த வழி அதனோடு அடைபட்டது. கிரியேட்டிவ் நிறுவனம் "அல்கெமி" என்ற மாற்று வழி ஒன்றைச் செய்து கொடுத்தது. பழைய விளையாட்டுக்கள் அதன் வழியே சென்றன. புதிய விளையாட்டுக்களைச் செய்வோர் ஒலிக்கணக்கைத் தாமே புரொசெசரில் வைத்துக்கொண்டார்கள்.

இன்று அக்கணக்கு எவ்வளவு பெரியது? 100 ஒலிகளை ஒரே சமயத்திற் கலப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் செக்கனுக்கு 48,000 எண்கள். மொத்தம் 48 இலட்சம் எண்கள். ஒவ்வோர் எண்ணிலும் 50 செய்கைகள் என்று தாராளமாக வைத்தாலும் 24 கோடிச் செய்கைகள். இக்காலத்துப் புரொசெசரின் ஒரு கரு செக்கனுக்கு 400 கோடித் துடிப்புகளுடன் இயங்குகிறது. ஒரு துடிப்பிற் பல எண்களைச் சேர்த்துப் பெருக்கவும் வல்லது. அத்தகைய கருக்கள் 6, 8 என்று ஒரே சில்லில் இருக்கின்றன. மறுபக்கத்தில் படத்தின் கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 என்ற திரையில் 20,73,600 புள்ளிகள். செக்கனுக்கு 60 படங்கள் என்றால் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி, நிழல், நிறம் என்று நூற்றுக்கணக்கான செய்கைகள். விளையாட்டுத் தடங்குகிறதென்றால், அநேகமாக இந்தப் பக்கத்திலேதான் தடங்குகிறது. படமொன்றுக்குக் கிடைக்கும் 16.7 மில்லிசெக்கனில் ஒலி எடுத்துக்கொள்ளும் பங்கை மீட்டுக் கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. இன்று விற்கப்படும் ஒலி அட்டைகளைப் பொருத்தினால் அப்பங்குகூட மீள்வதில்லை. விளையாட்டு தன் கலப்பு வேலையை முடித்து, முடிந்த ஓசையைத்தான் அட்டையிடம் ஒப்படைக்கிறது.

இதில் ஐயமுள்ளவர்கள் காசு செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டு ஓடும்போது விண்டோஸ் கணினியின் பணி மேலாளரைத் திறந்தால், கிராபிக்ஸ் சில்லும் புரொசெசரும் நினைவகமும் எவ்வளவு உழைக்கின்றன என்று நூற்றுவீதத்திற் காட்டும். கிராபிக்ஸ் சில்லு நூறை எட்டி நிற்குமானால் தடை அங்கேதான். நினைவகம் நிரம்பி வழியுமானால் தடை அங்கே. ஒலி அட்டையின் விலைக்கு நினைவகம் வாங்கினால் தந்தையின் பணத்திற்குப் பயன் கிடைத்திருக்கும்.

அப்படியாயின் தனி ஒலி அட்டையால் ஒரு பயனும் இல்லையா? "திறன்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கணினியின் திறன் ஒன்று. ஆடுபவனின் திறன் மற்றொன்று. எதிரியின் காலடியை ஒரு கணம் முந்திக் கேட்டவன் வெல்கிறான் என்னும் விளையாட்டுக்களில், செவிக்கு வரும் ஓசையின் தெளிவு வெற்றிக்குத் துணை செய்யும். இப்பொருளில் ஒலி அட்டையை ஆராய்ந்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

திசை காட்டும் கணக்கை இன்று பல விளையாட்டுக்கள் தாமே செய்கின்றன. 2016இல் வந்த "ஓவர்வொட்ச்" ஹெட்போனுக்கான டொல்பி அட்மொஸ் முறையைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. 2017இல் வால்வ் நிறுவனம் "ஸ்டீம் ஓடியோ" என்ற கருவியை விளையாட்டு ஆக்குவோருக்கு இலவசமாக வழங்கியது. அதே ஆண்டில் விண்டோஸ் 10 இயங்குதளத்திலும் இத்தகைய வசதியொன்று சேர்ந்தது. இவற்றுக்குத் தனி அட்டை வேண்டுவதில்லை. அட்டையோடு வரும் "சூழொலி" வித்தையை இவற்றின் மேல் இயக்கினால், ஒரு முறை திசை ஏற்றிய ஓசைக்கு மறுமுறை திசை ஏற்றுவதாக முடியும். காலடி எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போலாகிவிடும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்றை மாத்திரம் வைத்திருத்தல் நன்று. 2020இல் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5 கருவியில் முப்பரிமாண ஒலிக்கென்று ஒரு தனிக் கணக்குப் பகுதி அமைக்கப்பட்டிருப்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ஒலிக்கெனத் தனிச் சில்லு என்ற எண்ணம் இறந்துவிடவில்லை. அது பெரிய சில்லுக்குள்ளேயே குடிபுகுந்திருக்கிறது.

அடுத்தது இரைச்சல். வானொலிப் பெட்டியின் அருகே மின்விசிறியோ குழல்விளக்கோ இயங்கும்போது எழும் கரகரப்பை நேயர்கள் அறிவார்கள். கணினியின் உட்புறம் அத்தகைய மின்னதிர்வுகள் நிறைந்த இடம். தாய்ப்பலகையிலேயே அமைந்த ஒலிச்சில்லு அவற்றின் நடுவில் இருந்து வேலை செய்கிறது. பழைய பலகைகள் சிலவற்றில் சுட்டியை அசைத்தாலே ஹெட்போனில் "ஸ்ஸ்" என்ற ஓசை கேட்கும். கிராபிக்ஸ் சில்லு உழைக்கத் தொடங்கியதும் ஒரு முனகல் எழும். மெல்லிய காலடியை இவ்விரைச்சல் விழுங்கிவிடலாம். இக்குறையுள்ளவர்களுக்குத் தனி ஒலிக்கருவி மெய்யாகவே உதவும்.

ஆனால் தாய்ப்பலகைச் சில்லுகளும் முன்னேறிவிட்டன. தாய்வானின் ரியல்டெக் நிறுவனத்தின் ஏ.எல்.சி. 1220 என்ற சில்லு, ஓசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள வேற்றுமையை 120 டெசிபெல் என்று குறிப்பிடுகிறது. இசைத்தட்டின் எல்லையே ஏறத்தாழ 96 டெசிபெல்தான். பலகையை வகுத்தவர் சில்லைச் சுற்றியுள்ள சுற்றை ஒழுங்காக அமைத்திருந்தால், விளையாடுவோரின் செவி குறை காண்பது அரிது. இரைச்சல் கேட்டால், கணினியின் முன்புறத் துளையிலிருந்து ஹெட்போனைக் கழற்றிப் பின்புறத் துளையிற் செருகிப் பார்ப்பது முதல் வைத்தியம். முன்புறத் துளைக்குச் செல்லும் நீண்ட கம்பியே பெட்டிக்குள் அலைந்து இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு வருவதுண்டு. இந்த வைத்தியத்திற்குச் செலவில்லை.

ஹெட்போனின் தன்மையும் பார்க்கத்தக்கது. விளையாட்டுக்கென விற்கப்படுபவற்றுள் பல 32 ஓம் அளவினவை. எந்தத் துளையிலும் போதிய சத்தத்தைத் தரும். ஜெர்மனியின் சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்களை வைத்திருப்போர் சிலரே. அவற்றைச் சாதாரண துளையிற் செருகினால் ஓசை மெலிந்து கேட்கக்கூடும். அவர்களுக்கு நல்ல பெருக்கி உள்ள கருவி தேவை. மற்றவர்களுக்கு, அட்டைக்கும் ஹெட்போனுக்குமாகச் செலவிட வைத்திருக்கும் தொகை முழுவதையும் ஹெட்போனிலேயே போடுவதுதான் சிறந்த வழி. செவிக்கு மிக அருகில் இருப்பது அதுவே. ஓசையின் குணத்தில் மிகுந்த பங்கு அதனுடையதே.

அட்டையால் ஓசை ஓங்கிக் கேட்பதைத் தெளிவு என்று மயங்குவதும் உண்டு. காலடியைக் கேட்க வேண்டுமென்று ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகும் இளைஞர், அதே அளவில் வெடியோசையையும் வாங்கிக்கொள்கிறார். வாரத்தில் 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபெல்லுக்கு மேற்படாமை நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. விடுமுறை நாட்களில் 40 மணி நேரத்தை எட்டிவிடும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. பல விளையாட்டுக்களில் "இரவு முறை" என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அது பெரிய ஓசையைத் தாழ்த்திச் சிறிய ஓசையை உயர்த்தும். காலடியும் கேட்கும்; செவியும் பிழைக்கும்.

இன்னொரு செய்தியைக் கடைக்காரர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். யூ.எஸ்.பி. முறையிற் செருகும் ஹெட்போனுக்குள் ஒரு சிறிய ஒலிச்சில்லு இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கம்பியின் வழியே தொலைக்காட்சியிலோ திரையிலோ ஓசை கேட்பவர்களுக்கு, அங்குள்ள சில்லு வேலை செய்கிறது. புளூடூத் ஹெட்போனிலும் அவ்வாறே. மேலும் அதில் ஓசை கண்ணுக்குத் தெரியும் காட்சியினும் சற்றுப் பிந்தி வருவதால், விரைவான ஆட்டத்திற்கு அது உகந்ததன்று. இம்மூன்றில் எதைப் பயன்படுத்தினாலும், பணங்கொடுத்து வாங்கிய ஒலி அட்டை கணினிக்குள் வாய்மூடி உட்கார்ந்திருக்கும். அதன் வழியே ஒரு சிறு ஓசையும் செல்வதில்லை.

தாய்ப்பலகையின் இரைச்சல் எவ்வகையிலும் தீரவில்லையென்றால், பெட்டிக்கு வெளியே வைக்கும் யூ.எஸ்.பி. ஒலிக்கருவியொன்றை வாங்கலாம். மின்னதிர்வு நிறைந்த பெட்டிக்குள் அஃது இருப்பதில்லை, மடிக்கணினிக்கும் பொருந்தும், நாளை கணினி மாறினாலும் கூடவே வரும். சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனமே இத்தகைய கருவிகளையும் விற்கத் தொடங்கியது. அவர் 2023 சனவரியிற் காலமானார்.

பழைய பொருள் விற்கும் இடங்களில் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டைகள் மலிவாகக் கிடைப்பதைக் கண்டு ஆசைப்படுவோர், வாங்கு முன் தம் கணினியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வட்டைகள் பழைய பி.சி.ஐ. பள்ளத்திற்கு அமைந்தவை. அண்மைக்காலத் தாய்ப்பலகைகள் பெரும்பாலானவற்றில் அப்பள்ளமே இல்லை.